சித்தப்பா விட்டுப்போன நான்கு துப்பாக்கிகள்

டெல்லியில் ஒரு பழைய துப்பாக்கியின் மதிப்பை யாரிடம் கேட்டாலும், பதில் சொல்பவருக்கு அந்தப் பதிலில் ஒரு லாபம் இருக்கிறது. வாங்க வந்தவர் போலி என்பார். விற்க வந்தவர் 1857 சிப்பாய்க் கலகக் காலத்தது என்பார். பாலிஷ் போடுகிறவர், கொஞ்சம் பளபளப்பு ஏறினால் மூன்று லட்சம் என்பார். நடுநிலையாகப் பேசுகிற ஆள் கிடைப்பதற்குள் என் பணமும் தூக்கமும் போய்விட்டன. இணையத்தில் தேடினால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கிற சேகரிப்பாளர்கள் எழுதியவைதான் கிடைக்கின்றன. நம் ஊர்ச் சட்டமும் நம் ஊர்ச் சந்தையும் அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் சித்தப்பா திருமணம் செய்துகொள்ளாதவர். மத்திய அரசின் கணக்குத் துறையில் வேலை, ஜனக்புரியில் வாடகை வீடு, ஞாயிற்றுக்கிழமையானால் ஜாமா மசூதியைச் சுற்றியுள்ள கடைகளும் தரியாகஞ்சின் நடைபாதைப் புத்தகச் சந்தையும். புத்தகம், பழைய கடிகாரம், பித்தளைத் தொலைநோக்கி என்று வாங்கிக்கொண்டே இருப்பார். வரவேற்பறைச் சுவரில் நான்கு நீளத் துப்பாக்கிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டியிருந்தார். சிறு வயதில் எங்களுக்கு அவை வேடிக்கை. யாரும் அவற்றுக்கு உரிமம் இருக்கிறதா, எந்தக் காலத்தவை என்றெல்லாம் கேட்டதில்லை. அவர் இறந்த பிறகு அலமாரியில் ஒரு குறிப்பேடு கிடைத்தது. அதில் ஒரு பக்கத்தில், 'ஜாமா மசூதி, 1987, மூன்று வளையம், ரூ. 1,400' என்று அவருடைய கையெழுத்து. குழலை மரக்கட்டையோடு மூன்று வளையங்கள் பிடித்திருக்கும் துப்பாக்கி அது. மற்ற மூன்றுக்கும் ஒரு வரிகூட இல்லை.

அவர் இறந்தது டிசம்பர் கடைசியில். ஜனவரி பிறந்துவிட்டால் குடியரசு தினம் முடியும்வரை டெல்லியில் எங்கு பார்த்தாலும் தடுப்பும் சோதனையும்தான். சாமான் ஏற்றிச் செல்லும் நிறுவனத்துக்காரர்கள் வந்து, பீரோவையும் கட்டிலையும் எண்ணிக் குறித்துக்கொண்டு, சுவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவற்றை வண்டியில் ஏற்ற மாட்டோம், ஏற்றச் சொன்னால் மற்ற சாமான்களும் வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்காரர் ஒருபக்கம், பிப்ரவரி வாடகை 22,000 ரூபாயை முன்கூட்டியே கேட்டார். மேல்வீட்டு அம்மாள், "போலீஸில் சொல்லிவிட்டீர்களா?" என்று படியில் பார்க்கும்போதெல்லாம் விசாரித்தார். அவர் அக்கறையாகக் கேட்டாரா, மிரட்டினாரா என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. வயிற்றைக் கலக்கியது என்பதுதான் உண்மை.

முதலில் வந்தவர் தெற்கு டெல்லியில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்தார், குதிரையை (சுடும்போது முன்னால் விழுந்து அடிக்கும் பகுதி) இழுத்து விசையை அழுத்தி 'டக்' என்று விழவிட்டுப் பார்த்தார். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஸ்பிரிங்கையும், குதிரை வந்து அடிக்கும் நிப்பிள் என்ற சிறு முனையையும் உடைக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. வருகிறவர் யாராக இருந்தாலும் அப்படிச் செய்ய விடாதீர்கள். பிறகு கைப்பேசி விளக்கை மூன்று வளையத் துப்பாக்கியின் குழல் வாயில் பிடித்து, "உள்ளே ரைஃபிளின் வரிப்பள்ளம் இல்லை, இது என்ஃபீல்ட் இல்லை, அலங்காரப் பொருள்" என்றார். என்ஃபீல்ட் என்பது பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்; குண்டைச் சுழலவிடக் குழலுக்குள் வெட்டியிருப்பதுதான் வரிப்பள்ளம். நான்குக்கும் சேர்த்து 12,000 தருவதாகச் சொன்னார். வண்டியும் அவருடையதே என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் போலி என்று சொன்னவர், மூன்று வளையத்தை மட்டும் கையிலிருந்து கீழே வைக்காமலே பேசிக்கொண்டிருந்தார். அது மனதில் உறுத்தியது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்தவர் யாரோ சொல்லி வந்தவர். பேச்சில் சர்க்கரை. மூன்று வளையத்தைப் பார்த்ததும், "இது அசல், சிப்பாய்க் கலகக் காலத்தது, ஏலத்துக்குப் போனால் மூன்று லட்சம், ஆனால் இந்த அழுக்கோடு போனால் யாரும் தொடமாட்டார்கள்" என்றார். சீர்செய்ய 18,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது அதைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை. கரும்பழுப்பாக இருந்த குழல், கல்யாண வீட்டுப் பித்தளைக் குடம்போல மின்னியது. கட்டையை உப்புத்தாள் போட்டு இழைத்து, வார்னிஷ் அடித்திருந்தார். சுடும் பொறியைத் தாங்கும் பக்கவாட்டுத் தகடான லாக் தட்டில் முன்பு தடவினால் விரலுக்குத் தெரிந்த கிரீடமும் எழுத்தும் பாதி கரைந்துபோயிருந்தன. கட்டையின் பக்கவாட்டில் இருந்த வட்ட முத்திரை இருந்த இடமே தெரியவில்லை. மூன்று லட்சத்துக்கு ஆள் எங்கே என்று கேட்டேன்; சந்தை படுத்துவிட்டது என்றார். அதன்பின் என் அழைப்புகளை எடுக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இழப்பு இங்கேதான் நடந்தது. பழைய இரும்பில் படிந்திருக்கும் அந்தக் கரும்பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. பல பத்தாண்டுகளாக எண்ணெயும் காற்றும் கைப்பட்ட ஈரமும் சேர்ந்து உண்டான தோல் அது. அதைச் செயற்கையாக உண்டாக்க உப்பு, வினிகர், அமோனியா என்று பல வித்தைகள் உண்டு. ஆனால் கழற்றிப் பார்த்தால், வெளியே துரு தின்ற இரும்பு உள்ளே புத்தம் புதிதாக இருக்கும். உண்மையாகவே வயதானதில் வெளிப்புறம் கறுத்து, உள்ளே கட்டை மூடியிருந்த இடம் வேறொரு நிறத்தில் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு தெளிவான எல்லை தெரியும். சேகரிப்பாளர் அந்த எல்லைக்குத்தான் பணம் தருகிறார். பஃபிங் சக்கரத்தில் வைத்து ஒருமுறை தேய்த்தால் எல்லாம் போயிற்று, திரும்ப வராது. ஆகவே யாரிடமும் காட்டுவதற்கு முன் தூசியை மட்டும் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். குறிப்பாக லாக் தட்டைக் கழற்றி அதன் உட்புறத்தை எடுங்கள். என்னிடம் அப்படி ஒரு படம் இருந்திருந்தால், கொடுத்த லாக்தான் திரும்பி வந்ததா என்ற கேள்விக்குப் பதில் இருந்திருக்கும். நல்ல லாக்கை எடுத்துக்கொண்டு வேறொன்றைப் பொருத்தித் தருவது இந்தத் தொழிலில் கேள்விப்படாத விஷயம் இல்லையாம்.

என்னைக் காப்பாற்றியவர் ஓர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது துவாரகாவில் மகன் வீட்டில் இருக்கிறார். ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் அறிமுகம். காசு வாங்க மறுத்துவிட்டார், காபி மட்டும் போதும் என்றார். தரையில் பழைய போர்வையை விரித்து, நான்கையும் வரிசையாகக் கிடத்தினார். "தம்பி, அசலா நகலா என்பது இரண்டாவது கேள்வி. உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்பது முதல் கேள்வி" என்றார். எனக்கு அப்போதுதான் சுவரை நினைத்து வியர்த்தது. முப்பது வருடமாக அவற்றுக்குக் கீழே உட்கார்ந்து தீபாவளிப் பலகாரம் சாப்பிட்டிருக்கிறோம்.

அவர் செய்து காட்டியது எளிது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியில், நீண்ட மரக்குச்சியை மெதுவாகக் குழலுக்குள் விட்டு, அது நிற்கும் இடத்தில் குழல் வாயை ஒட்டிக் குச்சியில் கோடு போட வேண்டும். பிறகு குச்சியை வெளியே எடுத்துக் கோடு குழல் வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் மேலேயே படுக்க வைத்துப் பார்த்தால், அதன் நுனி நிப்பிள் அல்லது பற்றவைக்கும் துளை இருக்கும் இடம்வரை வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. கருமருந்து காய்ந்த இடத்தில் இருந்தால் நூறு வருடத்துக்குப் பிறகும் பற்றும். மூன்று வளையத்தில் குச்சி குறைந்து நின்றது. அண்ணாச்சி தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, முனையில் திருகு உள்ள கம்பியால் இழுத்தார். வந்தது கந்தல் துணியும் குளவி கட்டிய மண்ணும். சிரித்தோம், ஆனால் இதை அவரைப் போன்ற ஒருவர்தான் செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் குச்சி குறைந்து நின்றால் அப்படியே வைத்துவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். தட்டவோ, சூடுபடுத்தவோ, துளையிடவோ கூடாது.

அதன்பிறகு சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியை எடுத்தார். சித்தப்பாவின் செல்லம் அது. பிரவுன் பெஸ் என்று எல்லாரும் சொல்கிற பழைய பிரிட்டிஷ் மஸ்கட்டின் (வரிப்பள்ளம் இல்லாத நீளத் துப்பாக்கி) உருவம். லாக் தட்டில் கிரீடம், அதன் கீழே 'ஜி.ஆர்.', வால்பகுதியில் 'டவர்'. பின்கட்டையில் பதித்த பித்தளைத் தகட்டில் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1842'. அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "1842இல் யார் ராஜா?" என்று கேட்டார். விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837. ஜி.ஆர். என்பது ஜார்ஜ் மன்னரின் அடையாளம்; அவருக்கு முன் கடைசியாக ஆண்ட ஜார்ஜான நான்காம் ஜார்ஜ் 1830லேயே இறந்துவிட்டார். 1842இல் ஜி.ஆர். வர வழியே இல்லை. அதோடு, கம்பெனி தனக்காகச் செய்வித்த துப்பாக்கிகளில் தன்னுடைய முத்திரையைத்தான் போட்டது: முதலில் இதய வடிவச் சின்னம், பிறகு முன்னங்கால் தூக்கிய சிங்கம். கிரீடமும் ஜி.ஆரும் அரசுப் படையின் அடையாளம். இரண்டையும் ஒன்றாகப் போட்டவனுக்கு வரலாறு தேவைப்படவில்லை, சுற்றுலாப் பயணி தேவைப்பட்டிருக்கிறான். இன்னொன்று: 1840களில் பிரிட்டிஷ் படைகளே கல்லை விட்டுவிட்டு, அடித்தால் வெடிக்கும் சிறு உலோக மூடியான கேப் வைத்துச் சுடும் துப்பாக்கிக்கு மாறிக்கொண்டிருந்தன.

எழுத்து பொய் சொன்னால் போகட்டும், செய்நேர்த்தியாவது எப்படி என்று பார்க்கலாம் என்று லாக்கைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. அந்தத் தலை சந்தைக்கு வந்தது 1930களில். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அது கிடக்கட்டும், நகலிலும் நல்ல நகல், மோசமான நகல் உண்டு. அதை எப்படி அளப்பது என்று அவர் காட்டியதுதான் எனக்குப் பிடித்த பாடம். முதலில் மரமும் இரும்பும் சேரும் கோடு. பழைய தொழிலாளி லாக் தட்டுக்கு மரத்தைக் குடைந்தால் இடையில் ஒரு தபால் அட்டைகூட நுழையாது. ஜன்பத்தில் தேசிய அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் போய்ப் பாருங்கள், மரம் இரும்பைக் கடித்துக்கொண்டிருக்கும். எங்களுடையதில் என் நகமே நுழைந்தது, இடைவெளியை மெழுகும் மரத்தூளும் வைத்து நிரப்பியிருந்தார்கள். அடுத்தது கட்டையின் பருமன். அசலில் கைபிடிக்கும் இடம் ஒல்லியாக இருக்கும். நகல் செய்கிறவர் இழைக்கச் சோம்பி அப்படியே விட்டுவிடுவதால் உருட்டுக்கட்டையாக இருக்கும். பிரிட்டிஷ் அசலில் பெரும்பாலும் வால்நட் மரம். நம் ஊரில் செய்வதில் ஷீஷம் அல்லது தேக்கு, சாயம் ஏற்றியது. ஷீஷம் கனமானது, அதனால் தூக்கிப் பிடித்தால் கை வலிக்கும். பித்தளைப் பாகங்களில் ஊசிமுனைத் துளைகள் நிறைய இருந்தால் அவசர வார்ப்பு. பிரவுன் பெஸ்ஸில் இந்தியா பேட்டர்ன் என்ற வகையின் குழல் 39 அங்குலம்; எங்களுடையது 37இல் நின்றது, கிடைத்த குழாயை வெட்டியிருக்கிறார்கள். உள்ளே விளக்கடித்தால் நீளவாக்கில் வெல்டிங் தையல் தெரிந்தது. பிரவுன் பெஸ்ஸில் குழலைக் கட்டையோடு பிடித்திருப்பவை சிறிய ஊசிகள். வளையங்கள் போட்டிருந்தால் அது பிரவுன் பெஸ்ஸே இல்லை. இது ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருந்தார்கள்.

இயக்கத்தையும் பார்க்க வேண்டும். குதிரையைப் பின்னால் இழுத்தால் பாதியில் ஒருமுறையும் முழுதாக ஒருமுறையும் தெளிவான சத்தத்தோடு நிற்க வேண்டும். பாதியில் நிற்கும்போது விசையை எவ்வளவு அழுத்தினாலும் விழக் கூடாது. (கட்டைவிரலால் குதிரையைப் பிடித்துக்கொண்டே சோதிக்கவும்.) கல் வந்து உரசும் எஃகுத் தகடு கடினப்படுத்தியதாக இருந்தால்தான் பொறி பறக்கும், மலிவான நகலில் அது வெறும் இரும்பு, அரம் போட்டால் வெண்ணெயாக இழையும். எங்களுடையதில் பற்றவைக்கும் துளையே போடவில்லை. இது குறை இல்லை. வட இந்தியப் பட்டறைகளில் செய்து வெளிநாட்டு வரலாற்று நிகழ்ச்சிக்காரர்களுக்கு அனுப்பும் மஸ்கட்டுகள் துளையில்லாமல்தான் போகின்றன, அப்போது அது சுடாத அலங்காரப் பொருள். எனக்கு அந்தத் துளையின்மைதான் அந்த மாதத்தின் முதல் நல்ல செய்தி. அண்ணாச்சி விலை சொன்னார்: மரத்துக்கும் பித்தளைக்கும் உழைப்புக்குமாக ஆறாயிரம், ஏழாயிரம். அதற்கு மேல் தருகிறவர் பித்தளைத் தகட்டின் பொய்க்குத் தருகிறார்.

நகல் என்றாலே மலிவு என்றும் நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் பார்க்கர்-ஹேல் செய்த என்ஃபீல்ட் நகல்களுக்கும், இத்தாலியின் கார்தோனே வால் திராம்பியாவில் பெதர்சோலி போன்றவர்கள் செய்பவற்றுக்கும் தனி மதிப்பு இருக்கிறது. அவற்றின் குழல் சோதனைக்கூடத்தில் வெடித்துப் பார்க்கப்பட்டு முத்திரை வாங்கியது. இத்தாலிய முத்திரையோடு ஆண்டுக் குறியீடும் வரும். 1975இலிருந்து அது 'ஏஏ' என்று தொடங்கி இரண்டிரண்டு எழுத்தாகப் போகிறது. இந்த முத்திரைகளை அரத்தால் தேய்த்துவிட்டு அசல் என்று விற்பவர்கள் உண்டு, ஆகவே குழலின் அடிப்பக்கத்தில் தேவையில்லாமல் ஒரு பள்ளம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் நம் ஊர்க்காரர் மறக்கக் கூடாதது ஒன்று: அந்த நகல்கள் சுடக்கூடியவை. சுடக்கூடியதென்றால், வாய்வழி மருந்து கெட்டிக்கும் வகையாக இருந்தாலும், இங்கே உரிமம் வேண்டும். நேபாளத்திலும் சுதேச சமஸ்தானங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்த நகல்கள் மூன்றாவது இனம். அவையும் நகல்தான், ஆனால் அவற்றுக்கே இப்போது நூற்றைம்பது வயது. தேவநாகரி எண்கள் பொறித்திருந்தால் போலி என்று தூக்கி எறிய வேண்டாம்.

இனி மூன்று வளையம். பளபளவென்று பரிதாபமாகக் கிடந்த அதை அண்ணாச்சி நீண்ட நேரம் பேசாமல் திருப்பிக்கொண்டிருந்தார். மொத்த நீளம் 55 அங்குலம், குழல் 39. 1853 மாதிரி என்ஃபீல்டின் அளவு அச்சாக இருந்தது. லாக் தட்டில் எஞ்சியிருந்தது கிரீடத்தின் அடிப்பாகமும் '1859'ம். "வரிப்பள்ளம் இல்லை, அதனால் போலி என்றார்களே?" என்றேன். அவர் குழல் வாயில் கேலிப்பரை வைத்தார்: 16.7 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில். என்ஃபீல்ட் ரைஃபிளின் வாய் 0.577 அங்குலம், ஏறக்குறைய 14.7 மில்லிமீட்டர். கொழுப்புத் தடவிய தோட்டாவிலிருந்து 1857இல் பற்றிய நெருப்புக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களின் கையில் தொலைதூரம் குறிபார்த்துச் சுடும் ரைஃபிளைக் கொடுக்க ஆங்கிலேயருக்கு மனம் வரவில்லை. அதே உருவத்தில், உள்ளே வரிப்பள்ளம் இல்லாமல் 0.656 அங்குலத்துக்கு அகலப்படுத்தி, ஏற்றி இறக்கும் குறிக்கருவியை எடுத்துவிட்டு நிலையான ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். 0.656 அங்குலம் என்பது 16.7 மில்லிமீட்டர். தெற்கு டெல்லிக் கடைக்காரர் போலிக்குச் சான்றாகக் காட்டிய மொழுமொழுப்புதான் அது இந்தியச் சிப்பாய்க்காகச் செய்த அசல் என்பதற்குச் சான்று. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. உள்ளே திருகாணிகளில் அரத்தால் இட்ட சிறு கீற்றுகள், அதே எண்ணிக்கைக் கீற்றுகள் அவற்றுக்குரிய துளைகளின் பக்கத்திலும் இருந்தன. கையால் பொருத்திய காலத்தில் எந்தத் திருகாணி எந்த இடத்துக்கு என்று குறித்தவை. இயந்திர நகலில் அதற்கு வேலை இல்லை. இப்படி அசல் என்று நிரூபணமான நாளில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. 18,000 கொடுத்து அதைக் கெடுக்க வைத்த கோபம்தான் வந்தது. பின்னால் வந்து பார்த்த சேகரிப்பாளர் ஒருவர், பழைய மேனியோடு இருந்திருந்தால் ஒன்றரை லட்சம் தந்திருப்பேன், இப்போது நாற்பதாயிரம் என்றார். அவரும் வாங்க வந்தவர்தான், எனவே இரண்டு தொகையையும் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் உண்மை.

மூன்றாவது துப்பாக்கியைத் தொட்டதும் அண்ணாச்சியின் முகம் மாறியது. கைப்பிடிக்குக் கீழே நெம்புகோல் உள்ள, மார்ட்டினி-ஹென்றி என்ற பிரிட்டிஷ் ரைஃபிள் வகை. பக்கவாட்டில் 'வி.ஆர். 1905'. விக்டோரியா இறந்தது 1901 ஜனவரியில். 'என்ஃபீல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் 'என்' எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தது. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில், ஆங்கிலம் படிக்கத் தெரியாத கொல்லர்கள் அசலைப் பார்த்து எழுத்து உட்பட அப்படியே அடித்து எடுத்த கைபர் நகல். வேலைப்பாடு வியப்பாக இருந்தது. ஆனால் எந்த இரும்பில் செய்தார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லாத இவற்றைச் சுடவே கூடாது என்பது உலகம் முழுவதும் தெரிந்த பாடம். எங்களுக்குச் சிக்கல் வேறு. இது வேலை செய்தது. "தம்பி, இது அலங்காரம் இல்லை, ஆயுதம். இன்றைக்கே போலீஸில் எழுதிக் கொடுங்கள்" என்றார்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த வகையாகவோ பழம்பொருள் மதிப்புள்ளதாகவோ பழுதுபட்டதாகவோ இருந்து, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாத ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. கடைக்காரர்கள் இதில் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்: பழசு, அதனால் பரவாயில்லை. பழசாக இருப்பது மட்டும் போதாது. பழுதுபார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். இல்லையென்றால், உரிமம் இல்லாமல் கைக்கு வந்ததை 21ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வழக்கறிஞருக்கு 15,000 கொடுத்து மனு எழுதினேன். நான்கின் படங்கள், சித்தப்பாவின் இறப்புச் சான்று, குறிப்பேட்டின் நகல் எல்லாம் இணைத்தோம். துப்பாக்கியை ஆட்டோவிலோ மெட்ரோவிலோ எடுத்துப் போகாதீர்கள், நகலாக இருந்தாலும் சரி. தகவல் கொடுத்து அவர்களை வரச் செய்யுங்கள். வந்தவர்கள் நான்கையுமே அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த இரவு மிக மோசமான இரவு. என் பெயர் ஏதாவது பதிவேட்டில் ஏறி, மகனின் பாஸ்போர்ட் விசாரணையில் வந்து நிற்குமோ என்றெல்லாம் ஓடியது. பரிசோதனை முடிந்து மூன்று திரும்பி வர வாரங்கள் ஆயின. வீட்டைக் காலி செய்ய முடியாமல் கூடுதல் வாடகை 44,000 போயிற்று. மூன்று வளையத்தின் குழலில், கட்டை மறைத்திருந்த அடிப்பக்கத்தில் எப்போதோ யாரோ பெரிய துளையிட்டிருந்தார்கள், அதனால் சுடப் பயன்படாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒப்படைத்த மார்ட்டினிக்கு ரசீது வாங்கினேன். ரசீதில் எழுத்துக்களையும் குறியீடுகளையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள், 'பழைய துப்பாக்கி 1' என்ற வரியோடு திரும்பாதீர்கள்.

நான்காவதைச் சொல்லாமல் விட்டேன். பார்வைக்கு .303 லீ-என்ஃபீல்ட், என்.சி.சி.யில் தோளில் சுமந்தவர்களுக்கு அடையாளம் தெரியும். .303 நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் நான் அதிகம் பயந்தது இதற்குத்தான். அண்ணாச்சி குளிர்பதனப் பெட்டியிலிருந்து காந்தத்தை எடுத்துவரச் சொன்னார். ஒட்டவில்லை. துத்தநாகக் கலவையில் வார்த்த பொம்மை. அச்சின் கோடு ஓரமாக ஓடியது. முடிந்தது கதை.

நியூஜெர்சியில் இருக்கும் அத்தை மகன், மூன்று வளையத்தைக் கூரியரில் அனுப்பு, அங்கே நல்ல விலை என்றான். நூறு வயதைக் கடந்த பொருள், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நாட்டைவிட்டுப் போக முடியாது. பார்வைக்குப் பழசாக இருக்கும் நகலை அனுப்புவதானாலும் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கிவிடுங்கள், சுங்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்காது. அதனால் அது இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அடித்த வார்னிஷை எடுக்க வேண்டாம், இன்னொருமுறை கை வைத்தால் இருப்பதும் போகும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். பொம்மை .303ஐ நாடகம் போடும் நண்பர்கள் கேட்டார்கள், காவல்துறை கொடுத்த கடிதத்தின் நகலோடு கொடுத்தேன்.

சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியை வாங்க ஓர் உணவகக்காரர் வந்தார், கல்லாவுக்குப் பின்னால் மாட்ட. அண்ணாச்சி சொல்லியபடி லாக்குக்குப் பின்னால் மரத்தின் உட்புறத்தில், 'நகல், சுடாது' என்று ஆணியால் கீறி வைத்திருந்தேன். விற்பனைத் தாளிலும், இது அலங்காரத்துக்கான நவீன நகல், தகட்டிலுள்ள ஆண்டு உண்மை இல்லை என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அந்த வரியை எடுத்துவிட்டால் பத்தாயிரம் தருகிறேன் என்றார். எடுக்கவில்லை. 6,500க்கு முடிந்தது.